ஊர் ஊராய் ஒரு வேலை

தரணேந்திரனுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. படங்களுக்கு சப்டைட்டில் எழுதுகிறவன். ஒரு நாள் சென்னையில் பார்த்துவந்த வேலையை விட்டான். வாடகை வீட்டைக் காலி செய்தான். மடிக்கணினியைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். எந்த ஊரில் இருந்தும் செய்யக்கூடிய வேலைதான், அப்படியானால் எல்லா ஊரிலும் இருந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

முதலில் கோகர்ணம் போனான். காலையில் கடலுக்குப் போனால் மதியத்துக்கு மேல்தான் திரும்புவான். வால்பாறையில் அடிக்கடி மின்சாரம் போனது. ராமேஸ்வரத்தில் பக்கத்து அறைகளில் ஓயாத சத்தம். ஒவ்வொரு ஊரிலும் வேலை தள்ளிப்போனது. சொன்ன நாளில் அனுப்பாததால், வேலை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் மட்டும் மிச்சம் இருந்தார்.

அந்த நேரத்தில் பழைய அலுவலகத்து மேலாளர் அழைத்தார். அவனுடைய இடம் இன்னும் காலியாக இருக்கிறதாம். திங்கட்கிழமை வந்து சேரலாமாம். நாளை மாலைக்குள் பதில் சொல்லிவிட வேண்டும்.

தரணேந்திரனுக்கு அமலமதி மாதாஜியின் நினைவு வந்தது. அவர் சமணத் துறவி. துறவு ஏற்பதற்கு முன் அதே அலுவலகத்தில் அடுத்த மேசையில் வேலை பார்த்தவர். அவனைவிட வயதில் சிறியவர். மழைக்காலம் போக மற்ற மாதங்களில் எந்த ஊரிலும் நிலையாகத் தங்காமல் நடந்துகொண்டே இருப்பவர். வந்தவாசிப் பக்கம் ஒரு சிற்றூரில் இருப்பதாகத் தெரிந்தது. மறுநாள் காலையிலேயே அந்த ஊர்ச் சமணக் கோயிலுக்குப் போய் அவரை வணங்கினான்.

"திரும்பப் போயிடலாமான்னு இருக்கு, மாதாஜி."

"ஏன்?"

"எந்த ஊரும் சரியா அமையலை. ஒரு ஊர்ல கடல், ஒரு ஊர்ல கரண்ட், ஒரு ஊர்ல சத்தம்."

"இந்த ஊர்?"

அவன் கைபேசியைப் பார்த்தான். "இங்கே சிக்னல் இல்லை."

மாதாஜி சிரித்தார். "இன்னைக்கு வேலை ஏதாவது இருக்கா?"

"ஒரு படம் பாதியில நிக்குது. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். இப்போ இருக்கிற மனசுல அதைத் தொடவே முடியலை. நீங்களும் ஊர் ஊராத்தான் போறீங்க. உங்களால எப்படி முடியுதுன்னு கேட்கத்தான் வந்தேன்."

"ஆகாரத்துக்குப் போற நேரம். வாங்க," என்று எழுந்தார்.

அவருக்கு உணவும் தண்ணீரும் நாளுக்கு ஒரே ஒரு முறைதான். விஜயமாலா என்ற பெண்மணியின் வீட்டில் அமர்ந்து இரு கைகளையும் கிண்ணம்போல் சேர்த்து ஏந்தினார். விஜயமாலா பருப்புச் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை அதில் வைத்தார். அடுத்த கவளத்தில் ஒரு தலைமுடி கிடந்தது. மாதாஜி கைகளை விரித்துவிட்டார். அவருடைய நியமப்படி அன்றைய உணவு அத்தோடு முடிந்தது. தண்ணீரும் இனி மறுநாள்தான்.

விஜயமாலாவுக்கு அழுகை வந்துவிட்டது. "தலையில துணி கட்டிக்கிட்டுத்தான் சமைச்சேன், மாதாஜி. எப்படி விழுந்ததுன்னே தெரியலை."

"உங்க மேல ஒரு குறையும் இல்லைம்மா. அழாதீங்க."

கோயிலுக்குத் திரும்பினார். உச்சிப்பொழுதில் எப்போதும்போல் கண்மூடித் தியானத்தில் அமர்ந்தார். வெளியே சித்திரை வெயில் காய்ந்தது. தரணேந்திரன் ஒரு தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்ததும் இன்று படுத்துவிடுவார் என்றுதான் நினைத்தான்.

கண் திறந்தவர், நடைப்பயணத்தில் உடன் கொண்டுபோகும் மயிற்பீலிக் கொத்தையும் கமண்டலத்தையும் கையில் எடுத்தார்.

"இன்னைக்கா கிளம்பறீங்க?"

"இன்னைக்குக் கிளம்பறதாத்தானே இருந்தேன்."

"ஒரு வாய்தான் சாப்பிட்டிருக்கீங்க. வெயில் வேற இப்படி அடிக்குது. நாளைக்குப் போனா என்ன?"

"நாளைக்கு நாளைய நடை இருக்கே." படியிறங்கியவர் நின்று திரும்பினார். "உங்க படம் என்னாச்சு?"

அவன் தோள்பையைத் தொட்டுப் பார்த்தான்.

மாதாஜி நடந்தார். ஊர்ப் பெண்கள் சிலர் துணைக்குப் போனார்கள். வெள்ளைச் சேலை தெருமுனையைத் தாண்டி மறையும்வரை அவன் அங்கேயே நின்றான். பிறகு விஜயமாலாவின் வீட்டுக்குப் போனான்.

"அம்மா, இந்த ஊர்ல எங்கே சிக்னல் கிடைக்கும்?"

"ஏரிக்கரை மேல ஏறினா கிடைக்கும், தம்பி. ஆனா அங்கே நிழல் இருக்காதே."

"பரவாயில்லைம்மா."

கரையில் ஒற்றைப் பனை நின்றது. அதன் நிழல் ஓர் ஆளுக்குக்கூடப் போதவில்லை. வெளிச்சத்தில் திரை தெரியவில்லை. துண்டை எடுத்துத் தலையையும் மடிக்கணினியையும் சேர்த்து மூடிக்கொண்டான். உள்ளே புழுங்கியது. காலில் எறும்பு ஏறியது. நடுவில் சிக்னல் அறுந்தபோது எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தான். படத்தில் ஒரு தாய் மகனோடு நெடுநேரம் சண்டை போட்டாள். அவள் பேச்சை வரி வரியாக எழுதினான். பேட்டரி சிவப்புக்கு வந்த நேரத்தில் கடைசி வரியை முடித்து அனுப்பினான்.

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலாளரை அழைத்தான்.

"நான் வரலை சார்."

"யோசிச்சுத்தான் சொல்றியா? அப்புறம் இந்த இடம் இருக்காது."

"தெரியும் சார். இன்னைக்கு வேலையை முடிச்சுட்டுத்தான் பேசறேன்."

"எங்கேயிருந்து பேசறே? ஒரே காத்துச் சத்தமா இருக்கு."

"ஏரிக்கரை சார்."

பையை மாட்டிக்கொண்டு, மாதாஜி போயிருந்த அடுத்த ஊரை நோக்கி வேகமாக நடந்தான். பொழுது சாய்ந்துவிட்டால் மாதாஜி பேசமாட்டார். அதற்குள் போய்ச் சேர்ந்தான். அவர் அந்த ஊர்க் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார். உதடு வறண்டிருந்தது. பாதங்கள் கொப்பளித்திருந்தன.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"அனுப்பிட்டேன். ஆபீசுக்கும் வரலைன்னு சொல்லிட்டேன்."

தலையசைத்தார்.

தரணேந்திரன் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தான். "மாதாஜி, இன்னைக்கு நீங்க அந்த ஊர்லயே இருந்திருந்தா, ஏன் நடக்கலைன்னு ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. அப்புறம் ஏன் நடந்தீங்க?"

"ஆபீஸ்ல ஒருநாள் வரலைன்னாலும் ஏன்னு கேட்க ஆள் இருந்தது," என்றார் மாதாஜி. "இப்போ கேட்க என்னைத் தவிர யாரும் இல்லை, தரணேந்திரன். அதனாலதான் நடந்தேன்."