மிச்சம் தின்ற சடைச்சி

மலையடிக் காட்டில் இலுப்பை பூத்துக் கொட்டிய மாதம். சடைச்சி என்ற கரடிக்கு அந்த வாசம் பட்டாலே நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் அவளுக்குச் சர்க்கரை நோய். அவள் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்புகள் திருவிழாக் கூட்டமாய் மொய்த்தன. அதைப் பார்த்துத்தான் வைத்தியர் மரங்கொத்தி கண்டுபிடித்தார்.

"இனிப்பைக் குறை. சாப்பாட்டுக்கு முன்னால் சிறுகுறிஞ்சான் இலையை மெல். இந்த நோயில் கால் மரத்துப்போகும், பத்திரமாகப் பார்த்துக்கொள்!" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் காவலுக்குப் பஞ்சமில்லை.

"அம்மா, பூவைத் தொடாதே!" என்று மகள் சின்னி கத்துவாள், வாய் நிறையப் பூவோடு.

"இவளுக்கு வாயைக் கட்டத் தெரியாது" என்று கணவன் கரியன் போகிற வருகிற விலங்குகளிடமெல்லாம் சொல்வான்.

சரி, பூவைப் பொறுக்கி வருவது யார்? சடைச்சி. பரிமாறுவது? அவளேதான். குட்டிகளும் கரியனும் தின்று எழுந்தால் தேக்கிலைகளில் பாதிப் பூ அப்படியே கிடக்கும். "வீணாக்காம பார்த்துக்க புள்ள" என்று சொல்லிவிட்டுக் கரியன் படுத்துவிடுவான். அவள் எல்லாவற்றையும் வழித்து வாயில் போட்டுக்கொள்வாள். அதற்குள் சிறுகுறிஞ்சான் இலை ஒரு மூலையில் வாடிச் சுருண்டிருக்கும்.

ஒருநாள் தோழி ஈட்டி என்ற முள்ளம்பன்றி வந்தாள். சடைச்சி காலை நீட்டி உட்கார்ந்ததும் ஈட்டி கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள்.

"அடியே, உன் உள்ளங்காலில் என்னடி அது?"

"எது?"

"என் முள்ளுடி! போன தடவை வந்தப்ப இங்கே உதிர்ந்தது. இவ்வளவு ஆழமா ஏறியிருக்கே, வலிக்கலையா?"

சடைச்சி குனிந்து பார்த்தாள். சீழ் கட்டியிருந்தது. வலிக்கவே இல்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது. இந்தக் கால் போனால் குட்டிகளை எப்படி முதுகில் சுமப்பாள்?

மரங்கொத்தி பறந்து வந்து முள்ளைப் பிடுங்கினார். "சர்க்கரை இறங்காவிட்டால் இந்தப் புண் ஆறாது. காலே போய்விடும்!" என்றார்.

"நான் அப்பவே சொன்னேன்! சொன்னால் கேட்டால்தானே!" என்று கரியன் பிடித்துக்கொண்டான்.

ஈட்டிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது.

"நிறுத்துங்கண்ணே! சொன்னீங்க, யார் இல்லைன்னா? சொன்ன வாயோட மிச்சத்தை யார் பக்கம் தள்ளினீங்க? இலையை மென்னியான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"அவளை யார் திங்கச் சொன்னது?"

"வீணாக்காதேன்னு யார் சொன்னது?"

கரியன் சடைச்சியின் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"இத்தனை வருசத்தில் இந்தக் காலை நான் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை புள்ள" என்றான்.

மறுநாள் பூவோடு சிறுகுறிஞ்சான் கொடியையும் அவனே இழுத்து வந்தான். எல்லார் கையிலும் ஆளுக்கொரு இலை கொடுத்தான்.

"எல்லாரும் மெல்லணும். முதல்ல நான்!"

மென்றான். கசப்பில் முகம் அஷ்டகோணலானது. சின்னியும் மென்றுவிட்டு, அவசரமாகப் பூவை அள்ளி வாயில் போட்டாள்.

"ஐயே! மண்ணு மாதிரி இருக்கு! பூ கெட்டுப்போச்சும்மா!"

"பூ கெடலடி. இலை உன் நாக்கைக் கட்டிப்போட்டிருக்கு, கொஞ்ச நேரம் இனிப்பு தெரியாது" என்றாள் சடைச்சி. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

அன்று யாரும் அதிகம் தின்னவில்லை. மறுநாளிலிருந்து பூவைக் கொஞ்சமாகவே பொறுக்கினார்கள். தேக்கிலைகளில் மிச்சம் விழவில்லை. பொழுது சாய்ந்தால் சின்னி வந்து நிற்பாள். "அம்மா, காலைக் காட்டு!" விரல் இடுக்கு வரை பார்த்த பிறகுதான் தூங்கப் போவாள்.

புண் ஆறியது. குட்டிகள் மறுபடி முதுகில் ஏறின. வழியில் எறும்புகள் மறித்தன.

"என்னக்கா, விருந்தை நிறுத்திட்டீங்க!"

"ஓடிப் போங்க! எனக்கு இப்ப இனிப்புதான் ஆகாது. எறும்பு ஆகும்!" என்றாள் சடைச்சி.

பத்தியம் சொல்ல ஊரே வரும். கூட உட்கார்ந்து கசப்பை மெல்லுகிறவர்களால்தான் நோய் தணியும்.