படத்தில் மட்டும் இருந்த பாதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை பாதியில் இருக்கும்போது "எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்று யாரும் கை தூக்கக் கூடாது. இதுவரை அப்படித் தூக்கியவர்கள் எல்லாரும் தப்பாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வறண்ட ஊரில் ஒரு பல்கலைக்கழகம். அதற்குள் ஒரு புள்ளிமான் மந்தை. அந்த நிலம் ஒரு காலத்தில் மேற்கே ஓடை வரை திறந்து கிடந்தது. பிறகு மேற்குப் பாதியை ஒரு தொழிற்சாலை வாங்கியது. நடுவில் பெரிய காம்பவுண்டு சுவர் எழும்பியது. தொழிற்சாலை கடைசி வரை வரவே இல்லை, சுவர் மட்டும் வந்து நின்றது! மான்களில் பெரும்பகுதி கிழக்கே மாட்டிக்கொண்டது, சில மேற்கே. மேற்கில் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது, தெருநாய்க் கூட்டமும் சுற்றுகிறது. கிழக்கில் தரைதான் மிச்சம். போதாததற்கு, ஒன்றுக்கொன்று சொந்தமான மான்களே கூடிக் கூடிப் பிறந்த குட்டிகள் நிற்கத் தெம்பில்லாமல் விழுந்தன.

அரசு ஒரு குழுவைப் போட்டது. வலை போட்டுப் பிடித்து மலைக்காட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றது குழு. கால்நடை மருத்துவர் ஜபருல்லா பதறிப்போனார். வலையில் சிக்கிய புள்ளிமான் பயத்திலேயே செத்துப்போவதை அவர் கண்ணால் பார்த்தவர். கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று: உயிரியல் ஆய்வாளர் நாச்சியார் மென்பொருளில் கணக்குப் போட்டுப் பார்ப்பது, மந்தை இங்கேயே பிழைக்கும் என்று வந்தால் வலை வேண்டாம்.

பிறப்பு, இறப்பு, புல் எல்லாவற்றையும் கொடுத்தால், வரும் ஆண்டுகளில் மந்தை என்ன ஆகும் என்று அந்த மென்பொருள் கோடு போட்டுக் காட்டும். நாச்சியார் போட்டாள். கோடு இறங்கிப் பூஜ்யத்தைத் தொட்டது. மறுபடி போட்டாள். மறுபடியும் பூஜ்யம்.

அந்த வாரம் பார்த்து அப்டேட் வந்தது. புதிய பதிப்பில் இரண்டு வசதிகள். மழை பொய்த்த ஆண்டு, நோய் வந்த ஆண்டு என்று மாற்றி மாற்றி ஆயிரம் தடவை ஓட்டிப் பார்க்கலாம். அதோடு, இரண்டு இடங்களைப் பாதை போட்டு இணைக்கலாம், விலங்குகள் போய்வரும். பார்ப்போமே என்று கிழக்கையும் மேற்கையும் ஒரு பாதையால் இணைத்தாள் நாச்சியார். கோடுகள் மளமளவென்று மேலே ஏறின. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

'பாதை திறந்தால்' என்று அறிக்கையில் எழுதினாள்தான். குழுவோ படத்தைப் பார்த்தது, 'பிழைக்கும்' என்ற சொல்லைப் பார்த்தது, வலையை ரத்து செய்தது. பாதை எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

வளாகப் பொறியாளர் செல்வநாயகத்திடம் ஓடினாள். "மேடம், அந்தச் சுவர் மேல கேஸ் நடக்குது. ஒரு செங்கல்லை எடுத்தாலும் என் வேலை போயிடும்" என்றார் அவர்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. உண்மையைச் சொன்னால் வலை வரும், சொல்லாவிட்டால் மந்தை இங்கேயே மடியும். திரையில் மான்கள் சுவரைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. ஜன்னலுக்கு வெளியே அதே மான்கள் சுவரை முட்டி நின்றன. 

"ஏம்மா, மழை வர்ற வரைக்கும் பேசாம இரு. தீவனத்துக்கு நானாச்சு. கணக்கு பொய்யாப் போனாப் போகட்டும், உசுரு இருக்கணும்" என்றார் ஜபருல்லா. சொன்னபடியே தினமும் ஸ்கூட்டரில் தீவனக் கட்டோடு வந்தார்.

நாச்சியாரால் தாங்க முடியவில்லை. குழுத் தலைவரிடம் போய், "நான் காட்டின பாதை கம்ப்யூட்டர்லதான் சார் இருக்கு. அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கிறேன்" என்றாள்.

"அப்போ வலைதான். தெரிஞ்சுதானே சொல்றீங்க?"

"தெரிஞ்சுதான் சார்."

செய்தி செல்வநாயகத்தின் காதுக்குப் போயிற்று. வலை வண்டி வரவேண்டிய காலையில் மனிதர் ஒரு பொக்லைனைக் கொண்டுவந்து சுவரை இடித்தே தள்ளிவிட்டார்! "வேலை போனாப் போகுது. நீங்க படத்துல போட்ட பாதையை நான் தரையில போட்டுட்டேன் மேடம், போதுமா?" என்றார்.

வண்டி வாசலில் வந்து நின்றது. ஜபருல்லா தீவனக் கட்டோடு அதன் முன்னால் போய் மறித்துக்கொண்டார். சுவர் இடிந்த இடத்தில் முதலில் எட்டிப் பார்த்தவை நாய்கள். மான்கள் ஒரே மூலையில் ஒடுங்கி நடுங்கின.

உயிரைக் காக்க வாயை மூடச் சொன்னவர் ஒருவர். வலை வரும் என்று தெரிந்தே உண்மையைச் சொன்னவள் ஒருத்தி. பொய்யாய்ப் போன படத்தை மெய்யாக்கச் சுவரை இடித்தவர் ஒருவர். செல்வநாயகம் என்று சொல்லத்தான் உங்கள் வாய் துடிக்கிறது, எனக்குத் தெரியும். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: நாச்சியார் செய்தது. டாக்டரின் தீவனம் வயிற்றை நிரப்பும், மந்தைக்குப் புது ரத்தம் தராது. அடுத்த குட்டியும் விழத்தான் செய்யும். பொறியாளர் நம்பிய படத்தில் அந்தப் பாதை வழியே மான்கள் மட்டும்தான் போய்வந்தன, நாயை நாச்சியார் கணக்கில் சேர்க்கவே இல்லை. இருவரும் அவளுடைய படத்தைக் காப்பாற்றப் பார்த்தார்கள். அந்தப் படத்தை நம்பி எதையும் செய்ய முடியாது என்று வெளியே சொன்னவள் அவள் ஒருத்திதான். வலை போட்டார்கள். சில மான்கள் டாக்டர் பயந்தபடியே செத்தன, மற்றவை இன்றைக்கும் மலைக்காட்டில் மேய்கின்றன. செத்தவற்றை டாக்டரும் அவளும் சேர்ந்தே புதைத்தார்கள். நீ செய்தது சரி என்று அன்றைக்கு அவளிடம் யாரும் சொல்லவில்லை; சொல்லியிருந்தாலும் கேட்டுக்கொள்ளும் நிலையில் அவள் இல்லை.