ஆமை சொன்ன தூரம்

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. மனிதர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். இரண்டில் எது பெரிய அதிசயம் என்று கற்றவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். அந்தக் காலத்துக்கும் முன்னால் ஓர் அந்தக் காலம் இருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஏனென்றால் எருக்கம்பாறை என்ற சிற்றூருக்கு அப்போதே பழைய இடங்களைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

ஊர் என்றால் மலையடியில் கொஞ்சம் கூரைகள், ஒரு குளம், நிறைய ஆடுகள். பார்க்க வேண்டியவை எல்லாம் மலைமேல்தான் இருந்தன. பாதி ஏற்றத்தில் ஒரு குகை. உள்ளே துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள். அருகே வற்றாத ஒரு சுனை. அதற்கும் மேலே, இரண்டு குன்றுகள் சேரும் இடத்தில், ஒரு நடுகல். அதில் ஈட்டி பிடித்த இளைஞன் ஒருவனையும் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் புலி ஒன்றையும் எதிரெதிரே செதுக்கியிருந்தார்கள்.

வருகிறவர்கள் முதலில் கேட்பது தூரம். தூரம் சொல்லும் வேலை குளக்கரை ஆமைக்கு உரியது. அந்த மலையை அங்குலம் அங்குலமாக நடந்து அறிந்த உயிர் அது ஒன்றுதான். காதம் என்பது எவ்வளவு தூரம் என்று அறிஞர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். அன்றைக்கே ஆமையிடம் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

"புளியந்தோப்பு வரைக்கும் நிழல் உண்டு. பிறகு முள்ளுக்காடு, அங்கே செருப்பு பிய்யும். அப்புறம் சறுக்குப்பாறை. போன மாசி மாதம் ஒருவர் அதில் உட்கார்ந்தபடியே கீழே வந்தார். அதைத் தாண்டினால் நிஜமான ஏற்றம் ஆரம்பிக்கும்," என்று ஆமை ஒன்றையும் விடாமல் சொல்லும். அதில் ஒரு சொல்கூடப் பொய் இருக்காது.

கேட்டவர்கள் குளத்தில் முகம் கழுவிக்கொண்டு, "இன்னொரு நாள் பார்த்துக்கலாம்," என்று திரும்பிப் போவார்கள். பாதையில் புல் மூடியது. துறவிகளின் படுக்கையில் வெள்ளாடுகள் படுத்தன.

ஒருநாள் உப்பு வண்டிகள் அந்த வழியாக வந்தபோது ஒரு வண்டியின் அச்சு முறிந்தது. இறங்கியவர்களில் கொற்றி என்பவளும் ஒருத்தி. தலை நரைத்தவள், வலது முழங்கால் மடங்காது. குளத்தில் பானை தேய்த்துக்கொண்டிருந்த ஊர்ப்பெண் வெண்ணியிடம் அவள் கேட்டாள்.

"இது எருக்கம்பாறைதானே? நான் பொறந்த ஊரு. பஞ்சத்துல எங்க வீட்டாளுங்க கடக்கரைக்குக் கிளம்பினப்ப எனக்குப் பல்லு விழுந்து முளைக்கிற வயசு. எங்க அண்ணன் சாத்தன் அதுக்குக் கொஞ்ச நாள் முந்தி புலிகிட்ட கன்னுக்குட்டியைக் காப்பாத்தப் போய்ச் செத்தான். அவனுக்குக் கல்லு நட்டாங்கன்னு பின்னால கேள்விப்பட்டேன். நான் பாத்ததில்ல."

"மேல இருக்குக்கா. ஆனா…" என்று வெண்ணி ஆமையைப் பார்த்து இழுத்தாள்.

வண்டித் தலைவன் எயினன் அங்கிருந்தே குரல் கொடுத்தான். "கொற்றியம்மா, அச்சு மாத்தினதும் விடியக் கிளம்பிடுவோம். அடுத்த வருசத்துலேருந்து நமக்கு ஆத்தோரப் பாதைதான். இந்தப் பக்கம் இனி வரமாட்டோம். பாக்கணும்னா இன்னிக்கே பாத்துடுங்க."

கொற்றி ஆமையின் பக்கம் திரும்பினாள். "ஆமையாரே, தூரமா? தூரம்னா இப்பவே சொல்லிடும். பாதியில நான் உக்காந்துட்டா தூக்க நாலு பேர் வேணும். ஊருக்கு அந்தச் சுமை வேண்டாம், இங்கிருந்தே கும்பிட்டுட்டுப் போறேன்."

"வழக்கம்போல ஆரம்பிச்சுடாதேயும்," என்று வெண்ணி முணுமுணுத்தாள்.

ஆமை வாயைத் திறந்தது. முள்ளுக்காடும் சறுக்குப்பாறையும் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. அந்தக் கல்லை நட்ட நாளில் ஆமை அங்கே இருந்தது. ஊரார் பூ வைத்தார்கள், கள் படைத்தார்கள். சாத்தனுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள மட்டும் அன்று ஒருவரும் இல்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. ஆமை அவளுடைய முழங்காலைப் பார்த்தது. மலையைப் பார்த்தது.

"இந்தா, பக்கத்துலதான்," என்றது.

வெண்ணியின் கையிலிருந்த பானை நழுவித் தண்ணீருக்குள் போயிற்று.

பொய் சொன்னவர்கள் பொதுவாகக் கூடவே நடந்து வருவதில்லை. ஆமை நடந்தது. அவள் நொண்டுகிற வேகமும் ஆமையின் வேகமும் ஒன்றாகவே இருந்ததால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

புளியந்தோப்பில் அவள் நின்றாள். "இன்னும் எவ்வளவு?"

"அந்தத் திருப்பம் தாண்டினா வந்துடும்."

திருப்பம் வந்தது. கல் வரவில்லை.

"நீர் சொன்ன திருப்பம் இதுதானா?"

"இல்லை தாயி. இதுக்கு அடுத்தது."

முள்ளுக்காட்டில் சேலை கிழிந்தது. சறுக்குப்பாறையில் அவள் நான்கு கால்களால் ஏறினாள். ஆமைக்கு அது வழக்கமான முறைதான். குகைக்கு வந்ததும் ஆடுகளை விரட்டிவிட்டு ஒரு கற்படுக்கையில் சாய்ந்தாள்.

"தலகாணியக்கூட கல்லுலயே வெட்டி வச்சிருக்காங்களே."

"தூக்கம் வரக்கூடாதுன்னு செஞ்சதா இருக்கும்."

"எனக்கு வருதே," என்று சிரித்தாள். பிறகு சுனையில் ஒரு கை அள்ளிக் குடித்தவள் இன்னொரு கை அள்ளினாள். "ஊரப் பத்தி எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லன்னு நெனச்சிருந்தேன், ஆமையாரே. இந்தத் தண்ணி வாய்க்குத் தெரியுது."

வெயில் தணியும் நேரத்தில் கல்லுக்கு வந்து சேர்ந்தார்கள். கொற்றி முதலில் புலியைப் பார்த்தாள். முறைத்தாள் என்றும் சொல்லலாம். பிறகு இளைஞனின் தலையில் விரலை வைத்துத் தடவினாள்.

"கொண்டையை இடப்பக்கம் சரிச்சுத்தான் கட்டுவான். அம்மா திட்டுவா. செதுக்கினவன் அவனைப் பாத்திருக்கான்." ஈட்டி பிடித்த கையைத் தொட்டு, "இப்ப எனக்கு மகன் வயசுடா நீ," என்றாள். கல்லின் காலடியில் உட்கார்ந்து, கடற்கரைக்குப் போனது முதல் நடந்தவற்றையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். யார் யார் செத்தார்கள், யாருக்கு யாரைக் கட்டிக்கொடுத்தார்கள், அம்மா கடைசிவரை யார் பெயரைச் சொன்னாள் என்பதெல்லாம். அந்தக் கன்றுக்குட்டி வளர்ந்து பல கன்று போட்டதையும் சொன்னாள். ஆமை சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டது.

பேசி முடித்து அவள் எழுந்தபோது ஆமை தலை குனிந்தது. "தாயி, நான் சொன்னது பொய்."

"மொதல் திருப்பத்துலயே தெரிஞ்சுபோச்சு."

"பின்ன ஏன் நடந்தீங்க?"

"அடுத்த திருப்பம்னு சொன்னீரே. அதுவரைக்கும்தானே நடக்கணும்."

இறக்கத்தில் யாரும் தூரம் கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை. விடிந்ததும் உப்பு வண்டியில் ஏறிப் போனாள்.

அன்றே வேறொரு வழிப்போக்கன் குளக்கரைக்கு வந்து, "குகை எவ்வளவு தூரம்?" என்றான். ஆமைக்குச் சங்கடமாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் இவன் திரும்பிவிடுவான். பொய் சொல்லலாம் என்றாலோ, ஒன்று சொன்னதிலேயே முதுகுவரை கூசியது. தவிர, கூடவே நடக்கவும் வேண்டும். அது யோசித்தது. தலையையும் கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

வந்தவன் காத்திருந்து பார்த்துவிட்டு வெண்ணியைப் பார்த்தான். வெண்ணி பானையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "இந்தா, பக்கத்துலதான்."

அவன் போய்ப் பார்த்துவிட்டே வந்தான், அவளைத் திட்டிக்கொண்டே.

அன்றைக்கு உள்ளே போன தலைதான். இன்றும் மனிதக் காலடி கேட்டால், எங்கே தூரம் கேட்டுவிடுவார்களோ என்று ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்கிறது. மலையடி ஊர்களில் யாரிடம் வழி கேட்டாலும், ஆமைக்குப் பதிலாக அவர்கள், "இந்தா, பக்கத்துலதான்," என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கிறார்கள்.