வாங்கியவர் எண்

கரூரில், இணையம் வழியாகப் போர்வை விற்கும் கடை ஒன்றின் கணினிப் பாதுகாப்பைத் தமயந்தி கவனித்துவந்தாள். அவளிடம் தொழில் கற்க வந்தவர் அருளானந்து. காவல் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளுக்குத் தகப்பன் வயது.

ஒருநாள் வாடிக்கையாளர் ஒருத்தி அழுதபடி கூப்பிட்டாள்.

"ஆர்டர் போட்ட மறுநாளே போன் வந்துச்சு. என் பேரு, போர்வை கலரு எல்லாம் சரியாச் சொன்னான். பார்சல் நிக்குது, லிங்க்ல பத்து ரூபா கட்டுங்கன்னான். கார்டு நம்பர் போட்டேன், ஓடிபியும் போட்டேன். பேங்க்ல இருந்தது மொத்தமும் போச்சு."

தமயந்தி சைபர் கிரைமில் புகார் கொடுத்தாள்.

"உள்ளாள் வேலை," என்றார் அருளானந்து.

"இருக்கலாம், சார்."

"நான் பிடிக்கிறேன். எல்லா ஆர்டரையும் பார்க்க எனக்கு அனுமதி வேணும்."

அவள் சற்று யோசித்தாள். பிறகு கொடுத்தாள்.

அவர் ஒவ்வொருவரையும் நோட்டமிட்டார். பார்சல் கட்டும் சகாயமேரி அடிக்கடி போனைப் பார்ப்பது கண்ணில் பட்டது. எல்லோர் முன்னாலும் அதைப் பிடுங்கித் துழாவினார். ஆஸ்பத்திரியில் கிடக்கும் தம்பியின் படங்களைத் தவிர அதில் எதுவும் இல்லை. சகாயமேரி போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

"குற்றமுள்ள நெஞ்சு," என்றார் அவர்.

"அவமானப்பட்ட நெஞ்சாவும் இருக்கலாம்," என்றாள் தமயந்தி.

அன்று மாலை இன்னொரு வாடிக்கையாளருக்கும் அதே அழைப்பு போனது. நல்லவேளையாக அவர் பணம் கட்டவில்லை. தமயந்தி தன் திரையை அருளானந்து பக்கம் திருப்பினாள். அந்த ஆர்டரைத் திறந்து பார்த்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. அவர் பெயரும் இருந்தது.

"உங்க போனைக் குடுங்க, சார்."

அவர் முகம் கறுத்தது. "என்னையா சந்தேகப்படுறீங்க? நான் காக்கி போட்டவன்."

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. கடைசியில் அவர் போனை மேசைமேல் வைத்தார். அவள் அதைத் தொடாமல், தன் போனையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"அந்த வரிசையில என் பேரும் இருக்கு. பார்த்தீங்களா?"

அவர் அப்போதுதான் பார்த்தார்.

அவள் வேலையைத் தொடங்கினாள். அவருக்குக் கொடுத்த அனுமதியை நீக்கினாள், மற்றவர்களுடையதையும் நீக்கினாள். பார்சல் கட்டுகிறவர் கண்ணுக்கு இனி வாங்கியவரின் போன் நம்பர் தெரியாது. கொண்டுபோய்க் கொடுப்பவர் கூப்பிட்டாலும், வாங்கியவரின் நம்பரைக் காட்டாத வேறொரு நம்பர் வழியாகத்தான் அழைப்பு போகும். கடைசியாகத் தன் அனுமதியையும் நீக்கினாள். கடை ஒருபோதும் போனில் பணம் கேட்காது என்று வாங்கியவர்கள் அனைவருக்கும் செய்தி அனுப்பினாள்.

அழைப்புகள் நின்றன. அருளானந்து சகாயமேரியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அவள் வேலைக்குத் திரும்பினாள். ஆனால் அவரோடு பேசவில்லை.

அவருக்கு மட்டும் மனம் ஆறவில்லை.

"திருடன் இன்னும் நம்ம கூடத்தான் இருக்கான், மேடம்."

"இருக்கலாம்."

"உங்களுக்கு யார் மேலயும் சந்தேகமே வரலையா?"

"எல்லார் மேலயும் வந்துச்சு, சார். அதனாலதான் யார் போனையும் திறந்து பார்க்கல."