முள்ளி காத்த சுவர்க்கொடி

மலைச்சரிவில் ஒரு பாழடைந்த பங்களா இருந்தது. அதில் இருந்த மனிதர்கள் எப்போதோ போய்விட்டார்கள். அவர்கள் வைத்த ரோஜாத் தோட்டத்தைக் காட்டு விலங்குகள் எடுத்துக்கொண்டன. மந்திகள் ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தன. காட்டுப்பன்றி மண்ணைக் கிளறிக் கொடுத்தது. கரடியார் நாட்டாமை செய்தார். பங்குனியில் பூ விழா வரும். மலை முழுக்க அங்கே திரண்டு வந்து நிற்கும்.

அந்தத் தோட்டத்தில் முள்ளி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். முள்ளம்பன்றி பகலில் தூங்கும் என்பார்கள். இவள் ரோஜாப் பைத்தியம், தூக்கத்தையே மறந்தவள். எல்லோரும் கைக்குள் அடங்காத பெரிய சிவப்பு ரோஜாவைத்தான் கொண்டாடினார்கள். முள்ளிக்கோ யாரும் திரும்பிப் பார்க்காத ரோஜாவின்மேல்தான் ஆசை. குப்பைமேடு, இடிந்த கல்லறை, பாதையோரப் பள்ளம் என்று அலைவாள். நல்ல குச்சி கிடைத்தால் முதுகு முட்களுக்கு நடுவே செருகிக்கொண்டு வந்துவிடுவாள். தூரத்தில் பார்த்தால் ஒரு புதரே நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

அப்படி அவள் சேர்த்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். தொட்டால் இதழ் கொட்டிவிடும் பன்னீர் ரோஜா ஒன்று. ஆனால் அது பூத்த அன்று காற்றே இனிக்கும். இலைநிறத்திலேயே பூக்கும் பச்சை ரோஜா ஒன்று. அது பூத்திருக்கிறது என்று முள்ளி சொன்னால்தான் தெரியும். ஐந்தே இதழ் உள்ள ஏழை ரோஜா ஒன்று. சிவப்பு ரோஜாவைச் சுற்றிவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பும் தேனீக்கள் இதில்தான் வந்து பசியாறும். இதையெல்லாம் யார் கவனித்தார்கள்? முள்ளி கவனித்தாள். அந்தக் கண்ணுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

மற்றவர்கள் கேலி செய்தார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று மந்திகள் பாட்டே கட்டின. முள்ளி அதையும் கேட்டுத் தலையாட்டிவிட்டுச் செடிகளுக்கு மண் அணைக்கப் போய்விடுவாள்.

ஒரே ஒரு செடி விஷயத்தில்தான் அவளுக்கு நெஞ்சு வலித்தது. அது ஒரு கொடிரோஜா. மலையுச்சியில் ஓர் இடிந்த மண்டபத்தின்மேல் அது படர்ந்து பூத்ததை முள்ளி ஒருதரம் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாளாம், சோறு தண்ணீர் நினைவில்லாமல். திரும்பும்போது ஒரு குச்சி கொண்டுவந்தாள். அடுத்த கோடையில் காட்டுத்தீ வந்து மண்டபத்துக் கொடியைக் கருக்கிவிட்டது. ஆக, அந்த ஜாதியில் மிஞ்சியது இவள் தோட்டத்துச் சுவரில் வைத்த இந்த ஒன்றுதான். இதுவும் போனால் அந்தப் பூ இந்த மலையிலேயே கிடையாது.

ஆனால் அது பூக்கவில்லை. எரு போட்டாள், பூக்கவில்லை. வெயில் நன்றாக விழும் தெற்குச் சுவரையே அதற்குக் கொடுத்தாள், பூக்கவில்லை. வருஷம் போய்க்கொண்டே இருந்தது.

கடைசியில் கொம்பையனிடம் போய் முறையிட்டாள். கொம்பையன் என்பது ஒரு வரையாடு. தை பிறந்ததும் பாறையிலிருந்து இறங்கி வந்து எல்லா ரோஜாவுக்கும் அவன்தான் கவாத்து செய்வான். பழைய கிளைகளையெல்லாம் நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றுவிடுவான். மொட்டையாக நிற்கும் செடியைப் பார்த்தால் அழுகை வரும். பங்குனியில் அதே செடியில் இலை தெரியாமல் பூ நிற்கும். சிலருக்குக் கைராசி, கொம்பையனுக்குப் பல்ராசி. வேலையில் அவனைக் குறை சொல்ல ஒருவன் பிறந்து வரவேண்டும்.

அவன் கொடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். போன வருஷம் வெட்டியது போதவில்லை, இந்த வருஷம் அடியோடு எடுக்கிறேன் என்றான். சரி அண்ணே என்றாள் முள்ளி. அவன் எடுத்தான். பூக்கவில்லை. அடுத்த தையில் இன்னும் ஒட்ட எடுத்தான். அப்போதும் பூக்கவில்லை.

மந்திகளுக்குப் பொறுக்கவில்லை. நல்ல சுவரை ஒரு மலட்டுக்கொடி பிடித்து வைத்திருக்கிறது, அங்கே சிவப்பு ரோஜா வைத்தால் எத்தனை பூக்கும் என்று கரடியாரிடம் போயின. கரடியாரும் எத்தனை காலம்தான் பொறுப்பார்? பூ விழா முடிந்ததும் காட்டுப்பன்றி அந்தக் கொடியைத் தோண்டி எறியட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

முள்ளி அழுதாள். அழுதால் ஆகுமா? ஒளித்து வைக்க ஒரு குச்சியாவது எடுத்துக்கொள்வோம் என்று சுவரோரம் போனாள். முன்பக்கம் எல்லாம் கவாத்துக்குப் பிறகு வந்த இளந்தளிர். ஊன்றினால் பிழைக்காது. முற்றிய குச்சி வேண்டுமே என்று சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத்து முட்புதருக்குள் நுழைந்தாள்.

அங்கே, போன வருஷம் வேரடியிலிருந்தே சுவர் வெடிப்பு வழியாகப் பின்பக்கம் நுழைந்த ஒரு கொடி, கொம்பையன் பல்லுக்குத் தப்பிக் கிடந்தது. அதன் நுனியில் ஒரே ஒரு கொத்து பூத்திருந்தது.

முள்ளி மூச்சு விடாமல் பார்த்தாள். மண்டபத்தில் பார்த்த அதே பூ. பிறகு யோசித்தாள். மண்டபத்தில் யார் கவாத்து செய்தார்கள்? யாரும் செய்யவில்லை. சிவப்பு ரோஜா புதுக்கிளையில் பூக்கும், அதற்கு வெட்டு வேண்டும். இது ஒரு வருஷம் வெயிலும் மழையும் தின்று முற்றிய கிளையில்தான் பூக்கும், இதற்கு வெட்டே எமன். அவள் முட்களெல்லாம் சிலிர்த்து நின்றன.

நேரே கரடியாரிடம் ஓடி அழைத்து வந்தாள். காட்டுப்பன்றியும் மந்திகளும் கொம்பையனும் பின்னாலேயே வந்தார்கள். கரடியார் புதருக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு கொத்துக்காக ஒரு சுவரா என்று கேட்டார்.

"இன்னும் ஒரே ஒரு வருஷம் கொடுங்க, பெரியவரே. இதன்மேல் யார் பல்லும் படக்கூடாது. அடுத்த பங்குனியில் இது பூக்காவிட்டால் நான் இந்தத் தோட்டத்தைவிட்டே போய்விடுகிறேன். நான் சேர்த்த செடி அத்தனையையும் தோண்டிப் போடுங்க" என்றாள் முள்ளி.

 அவளுக்கு அந்தச் செடிகள்தானே எல்லாம்! கரடியார் தலையைச் சொறிந்துகொண்டு, சரி என்றார்.

கொம்பையனுக்குத்தான் கோபம். ஒரு கொத்து தப்பிப் பூத்தால் ஆச்சா, என் வாய் படாமல் இந்தத் தோட்டத்தில் எந்த ரோஜா பூத்திருக்கிறது என்று எல்லோரையும் கேட்டான்.  முறைத்துக்கொண்டு பாறையேறிப் போய்விட்டான்.

மழைக்காலம் வந்தது. கொடி தன் இஷ்டத்துக்கு நீண்டது. சுவரை மூடி, அதன் உச்சியைத் தாண்டி, சிக்கு விழுந்த தலைமுடியாகத் தொங்கியது. பார்க்கவே கண்ணராவி. போகிறவர் வருகிறவரெல்லாம் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். முள்ளிக்கே சில நாள் நம்பிக்கை தளரும். ஒரு கொத்தை நம்பி உள்ளதையெல்லாம் வைத்துவிட்டோமே என்று நினைப்பாள். பன்னீர் ரோஜாவைப் போய் முகர்ந்துவிட்டு, பச்சை ரோஜாவைத் தடவிவிட்டுத் திரும்பி வருவாள்.

தை வந்தது. கொம்பையன் இறங்கி வந்தான். எல்லாச் செடிக்கும் கவாத்து முடித்துவிட்டுச் சுவருக்கு முன்னால் நின்றான். அலங்கோலமாகக் கிடந்த கொடியைப் பார்த்து அவனுக்குப் பல் ஊறியது. ஒரே ஒரு வாய் எடுத்துச் சீராக்கிவிடுகிறேன், உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று நெருங்கினான்.

முள்ளி குறுக்கே வந்து முட்களை விரித்தாள். "என்னைத் தாண்டித்தான் அதைத் தொடணும், அண்ணே" என்றாள்.

கொம்பையன் பாறைக்குத் திரும்பிப் போனான்.

பங்குனி பிறந்தது. முதலில் கணுவுக்குக் கணு கடுகளவு மொட்டு தெரிந்தது. பிறகு ஒரு காலையில் தெற்குச் சுவரே காணவில்லை. மோர் கடைந்த பானையில் வெண்ணெய் திரளுமே, அப்படிக் கொத்துக் கொத்தாகப் பூத்து, சுவர் உச்சியிலிருந்து தரைவரை வழிந்தது. தேனீக்களின் ரீங்காரம் ஓடைச் சத்தத்தையே அமுக்கிவிட்டது. பூ விழாவுக்கு வந்தவர்கள் சிவப்பு ரோஜா இருந்த பக்கமே போகவில்லை. பாட்டுக் கட்டிய மந்திகள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தன. கரடியார் தேனைக்கூட மறந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொம்பையன் கடைசியாக வந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுவரருகே போய் வெகுநேரம் நின்றான். பெரிய வேலைக்காரன், நொடியில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண் கலங்கிவிட்டது.

"முள்ளி, இத்தனை வருஷமும் இந்தப் பூவையெல்லாம் நான்தான் தின்றிருக்கிறேன்" என்றான்.

"தின்னச் சொல்லிக் கூப்பிட்டது நான்தானே, அண்ணே" என்றாள் முள்ளி.

 பிறகு கொம்பையன் தயங்கித் தயங்கி ஓர் உதவி கேட்டான். தன் பாறையடியிலும் இந்தக் கொடியை வைக்க ஒரு குச்சி வேண்டுமாம். பூ உதிர்ந்த பிறகு முற்றிய கிளையாகப் பார்த்து முள்ளி எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைப் பற்களால் கவ்விக்கொண்டு, ஓர் இலைகூடக் கசங்காமல் பாறையேறினான்.

எல்லாச் செடிக்கும் ஒரே கவாத்து ஆகாது. பூக்கவில்லை என்று ஒன்றைப் பழிக்குமுன், அதைப் பூக்க விட்டோமா என்று பார்க்க வேண்டும்.