நடந்தே போங்க சார்

எங்க ஊரு பேஸ்பால் கிளப்புக்கு தணிகாசலம்தான் செயலாளர், கேப்டன், எல்லாமே. அம்பயர் அவரோட மச்சான். மீன்கடை பேச்சி டீம்ல பந்து வீச இடம் கேட்டா.

"என்னை அவுட்டாக்கு. இல்லேன்னா கிரவுண்டு பக்கமே வராத"ன்னாரு தணிகாசலம்.

எவ்ளோ நேரா வீசினாலும் மச்சான் "தப்பான பந்து"ன்னாரு. மூணு போச்சு. இன்னொண்ணும் தப்புன்னா தணிகாசலம் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்துடலாம்.

"நடந்தே போங்க சார். அடிக்க பயமா இருந்தா நடக்குறதுதான் உடம்புக்கு நல்லது"ன்னா பேச்சி. ஊரே சிரிச்சுது.

அடுத்த பந்தை வேணும்னே எட்டாத தூரத்துல வீசினா. ரோஷத்துல பாய்ஞ்சு சுத்தினாரு, படல. அடுத்ததும் அப்படித்தான். மூணாவதுக்கு பேட்டோட குப்புற விழுந்தாரு. மூணு தடவை சுத்திக் கோட்டை விட்டா அவுட்டு.

"தப்பான பந்துன்னு சொல்லுடா மச்சான்!"

"தப்பான பந்துதான் சார்"ன்னா பேச்சி. "அதைப் போய் ஏன் சுத்துனீங்க? நாளைக்கு பிராக்டீஸ் எத்தனை மணிக்கு?"