பத்தொன்பது ஓலைப் பேச்சு

முன்னொரு காலத்திலே நெடுங்குள நாட்டை வல்லபதேவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காதைப் பிடித்து அவனை எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போகலாம். காலையில் ஒருவர் உருக்கமாகப் பேசினால் ஒரு கட்டளை. மாலையில் இன்னொருவர் அதைவிட உருக்கமாகப் பேசினால் அதற்கு நேர் எதிர்க் கட்டளை. இது தெரிந்துதான் அவன் தகப்பனார் சாகும்போது முத்திரை மோதிரத்தை அமைச்சர் அம்பலவாணர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த முத்திரை விழாமல் எந்தக் கட்டளையும் செல்லாது.

அந்த அம்பலவாணருக்கு ஆறு வருஷத்துக்கு முன் வந்த விஷக்காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. சபையில் பேசுவதன் சாரத்தை ஓலையில் எழுதி அவரிடம் நீட்ட அரியநாச்சி என்ற பெண் இருந்தாள். பொய் எழுதினால் வலது கட்டைவிரல் போகும் என்பது சபைச் சட்டம். அதனால் அவள் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் ஓலையைக் கைவிட மாட்டாள்.

ஒரு நாள் சபையில் மதங்கராயர் என்ற பிரபு எழுந்தார். நாவன்மையில் பெரிய ஆள். "செவிடர் விரலில் மோதிரம் எதற்கு?" என்று வெகுநாளாகப் பொருமிக்கொண்டிருந்தவர். குழந்தை இளவரசிக்கு இருமல், ஆம்பல் ஏரியின் ஈரக்காற்றே காரணம், ஏரியை வற்றடித்துக் கரையில் பாய் நெய்யும் அறுபத்திரண்டு வீட்டாரையும் பொழுது சாய்வதற்குள் கிளப்ப வேண்டும் என்று இரண்டு நாழிகை பேசினார். சபையே அழுதது. ராஜா மேல்துண்டால் கண்ணைத் துடைத்தான். கட்டளையைக் கேட்டுப் போக வந்திருந்த பாய்க்காரர் தலைவர் சடையன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அரியநாச்சி எழுதியது இரண்டே வரி: 'ஏரியை வற்றடித்து அறுபத்திரண்டு வீட்டையும் கிளப்ப வேண்டும். வற்றிய நிலம் எனக்கு வேண்டும்.'

அமைச்சர் அதை உரக்கப் படித்துவிட்டு, "எதற்காக?" என்று கேட்டார்.

ராயர் குதித்தார். "பார்த்தீர்களா மன்னா! நான் நிலமா கேட்டேன்? நாட்டுக்காக அல்லவா கதறினேன்!"

"என் காதிலும் விழவில்லையே," என்றான் ராஜா. "ஏ பெண்ணே, பொய் எழுதினாயா?"

அரியநாச்சிக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. சொன்னாரே! சொன்னாரா? இத்தனை பேர் கேட்காத ஒன்று என் காதில் மட்டும் எப்படி விழுந்தது? நடந்ததை எழுதி அமைச்சரிடம் நீட்டினாள்.

அமைச்சர் படித்தார். "மன்னா, ராயர் அதே பேச்சை மறுபடி பேசட்டும். இவள் ஒரு சொல் விடாமல் எழுதட்டும். நான் படிக்கிறேன். இந்த இரண்டு வரியின் பொருள் அதில் இல்லையென்றால் இவள் விரலோடு என் மோதிரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்." பிறகு அவள் பக்கம் திரும்பி, "கண்ணால் காண்பதையும் விடாதே அம்மா," என்றார்.

மோதிரம் என்றதும் ராயருக்கு வாயெல்லாம் பல். முன்பு விம்மிய இடத்தில் விம்மி, அழுத இடத்தில் அழுது, அச்சு மாறாமல் பேசினார். அரியநாச்சி எழுதினாள். பத்து ஓலை ஆயிற்று. நிலத்தைப் பற்றிப் பேச்சில்லை. பதினைந்து ஆயிற்று, இல்லை. எழுத்தாணியைப் பிடித்திருந்த கட்டைவிரலைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. பதினாறும் போயிற்று. பதினேழாவதில் ராயர் நெஞ்சில் கை வைத்தார். முதல் தடவை அதிகக் கைதட்டல் வாங்கிய வரி அது. அதை விட அவருக்கு மனம் வருமா? அவள் மூச்சு திரும்பி வந்தது.

மொத்தம் பத்தொன்பது ஓலை. அமைச்சர் எழுந்து படித்தார். ஆறு வருஷமாகத் தன் குரலையே கேட்காதவர்; ஏற்றம் இறக்கம் ஒன்றும் கிடையாது. பஞ்சாங்கம் படிப்பதுபோல் படித்தார்.

"'ஐயகோ. ஐயகோ. ஐயகோ.' மூன்று தடவை இருக்கிறதே, கை தவறிவிட்டதா அம்மா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"சரி. 'இங்கே கண்ணீர். துண்டால் துடைத்தார். ஓரக்கண்ணால் மன்னரைப் பார்த்தார்.'"

தூண் ஓரத்தில் யாரோ சிரித்தார்கள்.

"'இதைப் பொறுக்க முடியுமா?' கேட்டிருக்கிறார், பதில் சொல்ல வேண்டும். என்னால் முடியும். 'பகைவர் நகைக்க மாட்டார்களா?' எந்தப் பகைவர், ராயரே? பெயர் இல்லையே. 'வைத்தியர்களெல்லாம் வாய்விட்டு அழுகிறார்கள்.' வைத்தியரே, அழுதீரா?"

அரண்மனை வைத்தியர் அவசரமாக எழுந்தார். "நான் ஏன் அழவேண்டும்? ஆடாதோடைக் கஷாயம் கொடுத்திருக்கிறேன். எட்டு நாளில் இருமல் நின்றுவிடும்." ராஜா கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டு, ஓலையிலும் எழுதி நீட்டினார்.

ராஜா ஆசனத்தில் நெளிந்தான்.

"பதினேழாவது ஓலை. 'ஏரி போன இடத்தில் கிடக்கும் அந்தப் பாழ்நிலத்தின் பாரத்தை என் பிள்ளை பேரன் காலம்வரை இந்த ஏழைத் தோள்களே சுமக்கும்.'" அமைச்சர் ஓலையை இறக்கினார். "அதாவது, நிலம் இவருக்கு."

ராஜா தன் மேல்துண்டின் ஈரத்தைப் பார்த்தான்.

"இதைக் கேட்டா நான் அழுதேன்?" என்றான் ராஜா மெதுவாக.

ராயர் கைகூப்பி, "கருணைக் கடலே! காருண்ய மேகமே!" என்று தொடங்கினார்.

"நிறுத்தும். எழுதிக் கொடும்."

எழுத்தாணியை வாங்கிய ராயர் 'கருணை' என்று தொடங்கி, அதை அடித்தார். கடைசியில், 'தவறு செய்தேன்' என்று மட்டும் எழுதினார்.

"நீர் சொன்னதில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது இது ஒன்றுதான்," என்றான் ராஜா. ராயர் ஒரு வருஷம் சபையில் வாய் திறக்கக் கூடாது, எதையும் ஓலையில் எழுதியே நீட்டவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அரியநாச்சிக்குப் பொன்காப்பு. ஏரி ஏரியாகவே இருக்கும்.

காப்பைக்கூட வாங்காமல் அரியநாச்சி வாசலுக்கு ஓடினாள். சடையன் முகமெல்லாம் கண்ணீர்.

"ராயர் பேசியது இங்கேயே கேட்டது தாயி. அந்தப் பச்சைக் குழந்தை இருமுகிறதாமே! எனக்கே மனசு தாளவில்லை. எல்லாரையும் மூட்டை கட்டச் சொல்லி அப்போதே ஆள் அனுப்பிவிட்டேன்."

"அட பாவி மனுஷா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அரியநாச்சி. "ஏரி உங்களுக்குத்தான்! ஓடும், ஓடிப்போய் அவிழ்க்கச் சொல்லும்!"

சடையன் விழுந்தடித்து ஓடிச் சேர்ந்தபோது நாற்பத்தொரு வீடு காலி. முன்னே போன வண்டிகளை ஆற்றங்கரையில் மறித்து, கடைசி வீட்டாரும் பாயை விரித்து உட்கார்ந்தபோது பொழுது சரியாகச் சாய்ந்திருந்தது. அவர்கள் உட்கார்ந்தார்கள், நாம் எழுந்திருக்கலாம்.